அளவு எங்கிருந்து தொடங்குகிறது

மன்றக் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
இருபத்திரண்டு வருடமாக.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை.
யார் அழுதார் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

டோலரஸ் விஷ்னெவ்ஸ்கி
ஏழாம் வார்டிலிருந்து ஜெயித்து வந்தபோது
கைப்பையில் அளவு நாடா வைத்திருந்தார்.
தையல்காரர் நாடா இல்லை, தச்சர் வைத்திருப்பது,
விட்டால் சடாரென்று உள்ளே ஓடுவது.
கெஸ்லர் தெருக் குழி, ஒன்பது அங்குலம்.
பள்ளி வாசலில் அள்ளாத பனி, பதினான்கு.
மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே
அந்தச் சடார் கேட்கும்.
நான் எழுதுவேன்:
“உறுப்பினர் விவரம் அளித்தார்.”

மூன்று நிமிட விதியும் அவருடையதுதான்.
அதற்கு முன்னால்
நிலக்காரர்களின் வக்கீல்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.
இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள்
வாய் திறக்காமலே எழுந்து போவார்கள்.
“எல்லாருக்கும் ஒரே அளவு” என்றார் டோலரஸ்.
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வந்தது.
பொத்தானை என் மேசையில் பொருத்தினார்கள்.

பன்னிரண்டு வருடம்.
பிறகு நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார்.
மறுபடி எண்ணியதில் நாற்பத்து மூன்று.
“போதும், எண்ணாதீங்க,
வளர்ந்துகிட்டே போகுது” என்று சிரித்தார்.
பதவியோடு காப்பீடும் போனது.
வீட்டில் கணவருக்கு
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

முன்னாள் உறுப்பினர் ஓராண்டு
யாருக்காகவும் மன்றத்தை அணுகக் கூடாது.
அந்தச் சட்டத்துக்கும் கை தூக்கியவர் அவர்.
முந்நூற்று அறுபத்தாறாம் நாள் காலை
என் சாளரத்தின் முன் நின்றார்.
பதிவுக் கட்டணம் ஐம்பது டாலர்.
வாடிக்கையாளர்: பிராம்வெல் கழிவு நிறுவனம்.
முத்திரை குத்தினேன்.
“பொண்ணு எப்படியிருக்கா?” என்று கேட்டார்.
பெயர்கூட ஞாபகம் வைத்திருந்தார்.

அதன்பின் அவர் ஒலிவாங்கிப் பக்கம் வரவே இல்லை.
நான்காம் மாடியிலிருந்து இறங்க
லிஃப்ட்டுக்கு நாற்பது நொடி ஆகும்.
அது போதும் அவருக்கு.
எந்த உறுப்பினர் காபியில் பால் விடுவார்,
யாருக்கு வார்டில் பாலம் பாதியில் நிற்கிறது,
யாரை வெள்ளிக்கிழமை மட்டும் கேட்க வேண்டும்,
எல்லாம் தெரியும்.

பள்ளியிலிருந்து ஐந்நூறு அடி தள்ளித்தான்
குப்பை நிலையம் வர வேண்டும் என்பது பழைய சட்டம்.
ஐந்நூறை யாரும் தொடவில்லை.
தொட்டிருந்தால் ஊர் திரண்டு வந்திருக்கும்.
“வேலியிலிருந்து” என்பது மட்டும்
“சுவரிலிருந்து” என்று ஆனது.
எண்சாண் சட்டத்துக்கு
அந்த ஒரு சொல்லே சிரசு.
வேலிக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது
குழந்தைகள் ஓடுகிற திடல்.

திருத்தத்தைத் தட்டச்சு செய்தது நான்.

ஓட்டெடுப்பு இரவில்
கெஸ்லர் தெரு ஓடல் பிரிட்செட் வந்தார்,
பேருந்துப் பணிமனை உடுப்போடு.
அவர் காரின் அச்சை முறித்த குழியைத்தான்
டோலரஸ் அன்று முட்டி போட்டு அளந்தார்.
பிரிட்செட் காகிதத்தை மூன்று தடவை பிரித்து மடித்தார்.
பச்சையில் பாதி தொண்டைச் செருமலிலேயே போனது.
மஞ்சளில் பேரனின் ஆஸ்துமா.
“வேலியிலிருந்து நானே அளந்தேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு…”

சிவப்பு.
ஒலிவாங்கியை அணைத்தேன்.
கடைசி வரிசையில் டோலரஸ்
மடியிலிருந்த கைப்பையை மூடினார்.
அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

ஆறுக்கு மூன்று. நிறைவேறியது.

வாகன நிறுத்தத்தில், தூறுகிற பனியில், கேட்டார்:
“அவருக்கு ஏதாவது நொடி மிச்சம் இருந்ததா?”
“இல்லை. சரியாக மூன்று நிமிடம்.”
“சரியா” என்றார்.
அது கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை குறிப்பைச் செப்பனிட்டேன்.
பேச்சு வெட்டுப்பட்ட இடத்தில் வெட்டுப்பட்டபடியே
விட வேண்டும் என்பது விதி.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்பதற்குப் பின்னால்
அவர் சொல்லி முடிக்காத அந்த “அடி”யை
நானே சேர்த்தேன்.

அடுத்த கூட்டத்தில்
குறிப்பு ஏகமனதாக ஏற்கப்பட்டது.